தேவதைக் கதை மாந்தரும் அவர்தம் மனமாற்றமும்

பல்லாண்டுகளாகப் புதின இலக்கியத் தாளைப் பாடமாக நடத்தி வருபவன் நான். பாத்திரப் படைப்பு என்னும் தலைப்பை எட்டியதும் வகுப்பில் ஒரு வரையறையைக் கூறுவது என் வழக்கம். கதையின் தொடக்கத்தில் எவ்வாறு இருந்தனரோ அவ்வாறே முடிவிலும் இருப்போர் ஒருநிலைப் பாத்திரங்கள். நிகழ்ச்சிகளின் தாக்கத்தால் மாறுவோர் வளர்நிலைப் பாத்திரங்கள். மாணவரும் அதனைக் குறித்துக்கொள்வர், தேர்விலே பிழையின்றி எழுதுவர், மதிப்பெண்ணும் பெறுவர். ஆயினும், ‘ஒருவர் மாறினார் என்று எதைக் கொண்டு சொல்வது?’ என்று எவரும் என்னை வினவியதில்லை.

அந்த வினாவை என்முன் எழுப்பியவள் என் தங்கை மகள். பள்ளி இறுதி வகுப்பை முடித்துவிட்டுக் கோடை விடுமுறையில் எங்கள் இல்லத்தில் தங்கியிருந்த நாள்களில், அவள் ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரை விடாது பார்த்து வந்தாள். ஓய்ந்த வேளைகளில் தடித்த ஆங்கிலப் புதினங்கள் சிலவற்றைப் படித்தாள். இரண்டிலும் இருந்தவை நாம் குழந்தைப் பருவத்தில் படக்கதைகளாகப் படித்த ஸ்னோ ஒயிட், சின்ட்ரெல்லா முதலிய பழைய தேவதைக் கதைகளே. அவற்றை இக்காலத்து இளையோர்க்கென மீண்டும் புனைந்திருந்தனர். அவளோடு அமர்ந்து பார்த்தும், அவள் வைத்துவிட்டுப் போன நூல்களைப் படித்தும் நான் எண்ணியவற்றையே இங்கு எழுதுகிறேன்.

மனம் இல்லாத மாந்தர்

பழைய தேவதைக் கதைகளில் வருவோர்க்குச் செயல் உண்டு, மனம் இல்லை. இதனைக் குறையாகக் கூறவில்லை. அவ்வகைக் கதையின் இயல்பே அதுதான். ரஷ்ய அறிஞர் விளாதிமிர் பிராப் 1928-இல் வெளியிட்ட தம் ஆய்வில், தம் நாட்டு மாயக் கதைகளை 31 செயற்பாடுகளாகவும் ஏழு வகை மாந்தராகவும் பகுத்துக் காட்டினார். எதிரி, கொடையாளி, துணைவன், நாயகன் எனத் தத்தம் பணியால் அறியப்படுவோரே அவர்கள். எதிரி ஏன் எதிரியானான் என்று கதை கேட்பதில்லை. அவன் இல்லாவிடில் கதை நகராது; அதுவே போதிய காரணம்.

இதற்கு ஒரு நல்ல சான்று உண்டு. கிரிம் சகோதரர்கள் 1812-இல் வெளியிட்ட முதற்பதிப்பில், ஸ்னோ ஒயிட்டைக் கொல்ல முனைபவள் அவளைப் பெற்ற தாயே. 1819-இல் வந்த இரண்டாம் பதிப்பில் அவர்கள் பெற்ற தாயை இறக்கச் செய்து, அவ்விடத்தில் மாற்றாந்தாயை வைத்தனர். பெற்றவள் தன் மகளைக் கொல்ல எண்ணுவதும், பிறர் மகளை மற்றொருத்தி கொல்ல எண்ணுவதும் ஒன்றாகுமா? ஆனால் கதையில் அந்த அரசியின் செயல்கள் பெரிதும் மாறவில்லை. அதே கண்ணாடி, அதே பொறாமை, அதே நச்சுக் கனி. உறவு மாறியும் நடத்தை மாறாதிருந்தது எதனால்? மாறுவதற்கு உள்ளே ஒரு மனம் வைக்கப்படவில்லை என்பதால்தான். இறுதியில் பழுக்கக் காய்ச்சிய இரும்புக் காலணிகளை அணிந்து ஆடியே அவள் மடிகிறாள். கேட்கும் குழந்தை கலங்குவதில்லை. மனமில்லாத உருவத்துக்கு வலியும் இல்லை என்பதைக் குழந்தை அறியும்.

அக்கதைகளிலும் மாற்றம் உண்டு. ஆனால் அது உருமாற்றம். தவளை இளவரசனாகும், விலங்கு மனிதனாகும், சாம்பல் படிந்த பெண் பட்டாடை பூணுவாள். சார்லஸ் பெரோ 1697-இல் எழுதிய சின்ட்ரெல்லா, முதல் வரியிலேயே நற்குணமுடையவள். இறுதியிலும் அவ்வாறே தன் சகோதரியரை மன்னித்து அவர்களுக்கும் மணம் முடித்து வைக்கிறாள். இடையில் மாறியவை அவளுடைய ஆடையும் இருப்பிடமும் மட்டுமே.

அரசிக்கு வாய்த்த கடந்தகாலம்

என் மருமகள் பார்த்த தொடரின் பெயர் ‘ஒன்ஸ் அபான் எ டைம்’. எட்வர்ட் கிட்சிஸ், ஆடம் ஹோரோவிட்ஸ் என்னும் இருவர் படைத்த அத்தொடர், அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சியில் 2011 முதல் 2018 வரை ஏழு பருவங்களாக 155 பகுதிகள் ஒளிபரப்பானது. தேவதைக் கதை மாந்தர் அனைவரும் ஒரு சாபத்தால் தம்மை மறந்து, இக்காலத்துச் சிற்றூர் ஒன்றில் வாழ்கின்றனர் என்பது அதன் அடிப்படை. நிகழ்காலத்துக் கதை ஒருபுறம் நடக்க, ஒவ்வொரு பகுதியிலும் எவரேனும் ஒருவருடைய கடந்தகாலம் மறுபுறம் விரியும்.

சாபமிட்டவள் ஸ்னோ ஒயிட்டின் மாற்றாந்தாயாகிய அரசி. இத்தொடர் அவளுக்கு ரெஜினா என்று பெயரிட்டது. பெயர் வந்ததும் கதையும் வந்தது. இளமையில் அவள் குதிரைலாயத்தில் பணிபுரிந்த டேனியல் என்பவனை விரும்பினாள். சிறுமியாயிருந்த ஸ்னோ ஒயிட் அவ்விரகசியத்தை, நன்மை செய்வதாகவே எண்ணி, ரெஜினாவின் தாயிடம் கூறிவிட்டாள். அந்தத் தாய், மகளின் கண்முன்னரே அவனைக் கொன்றாள். பின்னர் ரெஜினா ஸ்னோ ஒயிட்டின் தந்தையாகிய அரசனுக்கு மனைவியாக்கப்பட்டாள். இரு நூற்றாண்டுகளாகக் கண்ணாடியின்முன் நின்றிருந்த ஒருத்தியின் கண்களில் அன்றுதான் முதன்முதலாகக் கண்ணீரைக் கண்டோம்.

அந்தப் பகுதி முடிந்ததும் என் மருமகள் என்னை நோக்கி, “மாமா, இவ்வளவு துன்பப்பட்டிருக்கிறாளே, அப்படியானால் அவள் கெட்டவள் இல்லைதானே?” என்றாள். வகுப்பறையில் கேட்டிருந்தால் ஏதேனும் ஒரு மேற்கோளைக் கூறிக் கடந்திருப்பேன். வீட்டுத் திண்ணையில் அவ்வாறு தப்ப இயலவில்லை. “இரண்டு நாள் பொறு அம்மா” என்றேன். இரண்டு நாளில் தீரும் வினாவாக அஃது இல்லை.

ஒரே தீயில் சுடப்பட்ட இருவர்

அவள் வைத்திருந்த நூல்களில் மரிஸ்ஸா மேயர் எழுதிய வரிசை ஒன்று இருந்தது. அதன் முதல் நூலாகிய ‘சிண்டர்’ 2012-இல் வெளிவந்தது. எதிர்கால உலகில் நடக்கும் அக்கதையில் சின்ட்ரெல்லா இயந்திரம் பழுது பார்ப்பவள். உடலின் ஒரு பகுதி உலோகத்தால் ஆனவள். கண்ணாடிக் காலணிக்கு மாறாக அவளுக்கு அமைந்தது எஃகுப் பாதம். அவ்வரிசையின் தீய அரசி நிலவுலகை ஆளும் லெவானா. அவளுடைய இளமையைக் கூறவே 2015-இல் ‘ஃபேரஸ்ட்’ என்னும் தனிநூலை ஆசிரியர் எழுதினார்.

லெவானா சிறுமியாயிருந்தபோது, அவளுடைய தமக்கை தன் மனவாற்றலால் அவளை ஆட்டிவைத்துத் தீயில் புகச் செய்தாள். அத்தழும்புகளை மறைக்கவே லெவானா வாழ்நாள் முழுவதும் மாயத்தோற்றம் ஒன்றைப் போர்த்திக்கொள்கிறாள். கண்ணாடியை அம்மாயத்தால் ஏமாற்ற இயலாது. ஆதலின் அவள் கண்ணாடியையே வெறுக்கிறாள். பழைய கதையின் அரசி கண்ணாடியிடம் ஓயாது வினவினாள். இவளோ அதன் விடைக்கு அஞ்சி ஓடுகிறாள். பொறாமைக்குக் கீழே அச்சம் இருந்தது என்பதை ஆசிரியர் ஒரு பொருளைக் கொண்டே உணர்த்திவிடுகிறார்.

அந்நூலை முடித்தபோது எனக்கு லெவானாவின்மேல் இரக்கம் மிகுந்தது. ஆனால் அந்த இரக்கம் அவளை விடுவிக்கவில்லை. ஏனெனில் அதே நூலில், அரியணைக்கு உரிய தன் தமக்கை மகளாகிய மூன்று வயதுக் குழந்தையைத் தீயிட்டுக் கொல்ல ஏற்பாடு செய்பவளும் அவளே. தீயின் வலி எத்தகையது என்பதை அந்த அரண்மனையில் அவளைப் போல் அறிந்தவர் எவரும் இல்லை. அறிந்தே அதனைச் செய்தாள். அக்குழந்தை உயிர்பிழைத்து, காலும் கையும் இழந்து, எஃகுப் பாதத்தோடு வளர்ந்தவளே சிண்டர்.

ஒரு குடும்பத்தின் இரு பெண்மக்கள் தீயில் சுடப்பட்டனர். ஒருத்தி தன் தழும்பை மறைத்து, அதே தீயைப் பிறர்மேல் ஏவினாள். மற்றவள் அந்த எஃகுப் பாதத்தை ஊன்றியே நடந்தாள். துன்பமே தீமைக்கு முழுக் காரணமாயின் இருவரும் ஒரே வழியில் சென்றிருக்க வேண்டும். அவ்வாறு நிகழவில்லை. கடந்தகாலம் ஒருவரை ஒரு நாற்சந்தியில் கொண்டுவந்து நிறுத்துகிறது. எத்தெருவில் செல்வது என்பதை அவரவரே தேர்கின்றனர்.

அறிவதும் மாறுவதும்

இதனை நான் நூல்களில் மட்டும் கண்டேன் அல்லேன். இளமையில் நான் இடக்கையால் எழுதுபவன். நான் பயின்ற பள்ளியில் கணித ஆசிரியர் ஒருவர் இருந்தார். இடக்கையில் எழுதுகோலைக் கண்டால் அவருடைய பிரம்பு விரல் மூட்டுகளின்மேல் இறங்கும். ஓராண்டில் நான் வலக்கைக்கு மாறினேன். இன்றும் கரும்பலகையில் என் எழுத்துகள் சற்றுச் சாய்ந்தே நிற்கும்.

கல்லூரியில் சேர்ந்த பின்னர், உடன்பயின்ற நண்பர் ஒருவர் அவ்வாசிரியரைப் பற்றிய செய்தியொன்றைக் கூறினார். நாங்கள் அவரிடம் பயின்ற ஆண்டுக்கு முந்தைய ஆண்டில்தான் அவர் தம் ஒரே மகனைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்திருந்தாராம். கேட்ட அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. என் சினம் தணிந்தது. அவரை நினைக்கும்போதெல்லாம் எழுந்த கசப்பு குறைந்தது. ஆனால் எண்ணிப் பாருங்கள்: அச்செய்தியால் மாறியவன் நான், அவர் மாறவில்லை. அவர் அன்றும் அதே பிரம்போடு அதே வகுப்பில் நின்றுகொண்டிருந்தார்.

ஆண்டுகள் பல கடந்து, ஒரு திருமண விருந்தில் அவரைக் கண்டேன். முதுமை அவரை வளைத்திருந்தது. சுற்றிலும் அவருடைய உறவினரும் பழைய மாணவரும் அமர்ந்திருந்தனர். நான் வணங்கியதும் என் இடக்கையைப் பற்றிக்கொண்டு, அனைவர்க்கும் கேட்கும்படியாக, “இந்தக் கையைத்தான் தம்பி, நான் ஓராண்டு முழுதும் அடித்தேன். அது தவறு” என்றார். தம் மகனைப் பற்றி அவர் ஒரு சொல்லும் கூறவில்லை. அதைக் கூறியிருந்தால் அவையிலுள்ளோர் இரங்கியிருப்பர். அவருடைய மதிப்பும் குறைந்திராது. அவரோ காரணத்தைச் சொல்லாமல் செயலை மட்டும் சொன்னார். அவர் மாறியதை நான் அறிந்தது அன்றுதான்.

பின்கதையானது படிப்பவரை மாற்றுகிறது, பாத்திரத்தை மாற்றுவதில்லை. பாத்திரம் மாற வேண்டுமாயின், அப்பாத்திரமே எழுந்து, தனக்கு இழப்பு நேரும் என்று அறிந்தும், ஒரு செயலைச் செய்தாக வேண்டும். என் மருமகளின் வினாவுக்கு நான் கண்ட விடை இதுவே.

இருமுறை கொடுத்த விலை

இந்த விடையோடு மீண்டும் அத்தொடரைப் பார்த்தபோது, முன்னர் என் கண்ணுக்குத் தப்பிய ஒன்று புலப்பட்டது. முதற்சாபத்தை நிறைவேற்ற ரெஜினா தனக்கு மிகவும் அன்பான ஒருவரின் இதயத்தைக் கொடுக்க வேண்டியிருந்தது. அவள் தன் தந்தையின் இதயத்தைக் கொடுத்தாள். மூன்றாம் பருவத்தில், 2013 டிசம்பரில் ஒளிபரப்பான பகுதியொன்றில், வேறொரு சாபத்தைத் தடுக்க அவள் மீண்டும் தனக்கு மிக அன்பான ஒன்றை இழந்தாக வேண்டும். இப்போது அஃது அவள் எடுத்து வளர்த்த மகன் ஹென்றி. அவனை இனிக் காணவே இயலாது. அவனோ அவளை முற்றிலும் மறந்துவிடுவான். அவள் அதற்கு இசைகிறாள். இசைவதோடு அமையாது, அவனைப் பெற்றவளுக்கும் அவனுக்கும், அவர்கள் என்றும் பிரியாமல் ஒன்றாகவே வாழ்ந்ததுபோன்ற இனிய நினைவுகளைத் தன் ஆற்றலால் வழங்கி அனுப்புகிறாள்.

முதன்முறை அவள் கொடுத்த விலை பிறர் உயிர்; இரண்டாம் முறை கொடுத்தது தன் வாழ்வின் பயன். இரண்டு காட்சிகளையும் அடுத்தடுத்து வைத்தால் ஒரு மனம் கடந்துவந்த தொலைவு தெரியும். கண்ணீர்க் காட்சி பத்து இருப்பினும் அத்தொலைவைக் காட்டியிராது.

விலை என்னும் இவ்வளவுகோல் நல்லோர்க்கும் பொருந்தும். கெய்ல் கார்சன் லெவின் 1997-இல் எழுதி, அடுத்த ஆண்டு அமெரிக்காவின் நியூபெரி சிறப்புத் தகுதி பெற்ற ‘எல்லா என்சான்டட்’ புதினத்தில், சின்ட்ரெல்லாவின் கீழ்ப்படிதல் நற்குணமாகவே இல்லை. பிறந்தபோது ஒரு தேவதை தந்த விபரீத வரம் அது. எவர் எதை ஏவினும் எல்லா செய்தே தீர வேண்டும். அச்சாபத்தை உடைக்கத் தன்பொருட்டு அவள் செய்யும் முயற்சிகள் தோற்கின்றன. இறுதியில் அவள் விரும்பும் இளவரசனே தன்னை மணக்குமாறு கூறுகிறான். ஏற்றுக்கொண்டால், பகைவர் எவரும் அவளை ஏவி அவனையும் நாட்டையும் அழிக்கக்கூடும். தன் நெஞ்சம் வேண்டும் அந்த ஒன்றை, அவனைக் காக்கும்பொருட்டு, மறுக்கிறாள். அம்மறுப்பிலேயே சாபம் உடைகிறது. பெரோவின் நாயகி பணிவினால் பரிசு பெற்றாள். இவளோ ஒரு மறுப்பினால் தன்னையே பெற்றாள். பணிவும் தனக்கென ஒரு விருப்பம் உடையவளிடத்தேதான் பண்பாகும் என்பதை இளம்பெண்கள் படித்துணர இதனினும் தெளிவான கதையை நான் அறியேன்.

ராபின் மெக்கின்லி என்னும் எழுத்தாளர் அழகியும் விலங்கும் பற்றிய கதையை இருமுறை மறுபுனைவு செய்துள்ளார். 1978-இல் வந்த ‘பியூட்டி’யில் மரபுப்படியே விலங்கு இளவரசனாகிறது. 1997-இல் வந்த ‘ரோஸ் டாட்டர்’ புதினத்திலோ விலங்கு விலங்காகவே இருந்துவிடுகிறது. நாயகி அதனையே தேர்கிறாள். உருமாற்றம் கதையினின்றும் நீங்க, மனமாற்றம் ஒன்றே எஞ்சி நிற்கிறது.

தொடரின் இயலாமையும் வன்மையும்

புதினத்துக்கு இறுதிப் பக்கம் உண்டு. தொலைக்காட்சித் தொடருக்கோ அடுத்த வாரம் உண்டு. வரவேற்பு இருக்கும்வரை அது முடிய இயலாது. அதே தொடரில் ரம்பிள்ஸ்டில்ட்ஸ்கின் என்னும் பாத்திரம் உண்டு. தன் மகனைப் போருக்கு அனுப்பாமல் காக்க இருளின் ஆற்றலைப் பெற்றவன். பின்னர் அந்த ஆற்றலை விட மனமின்றி மகனையே கைநழுவ விட்டவன். அவனும் மூன்றாம் பருவத்தில், மேற்கூறிய அதே பகுதியில், பிறரைக் காக்கத் தன் உயிரைத் தருகிறான். அங்கேயே அவன் கதை முடிந்திருந்தால் அது சிறந்த படைப்பாக நின்றிருக்கும். ஆனால் விரைவிலேயே அவன் உயிர்பெறுகிறான். நான்காம் பருவத்தில் மீண்டும் ஆற்றலுக்காகச் சூழ்ச்சி செய்கிறான். கொடுத்த விலையைத் திரும்பப் பெற்றுக்கொண்டால் அது விலையாகுமா? கதையை வளர்க்கவேண்டிப் பாத்திரத்தைப் பின்னோக்கி நடத்தும் இந்நிலை, நீண்ட தொடர்களை இயல்பாகவே பற்றும் நோய் எனலாம்.

எனினும் நெடுந்தொடருக்கென ஒரு வன்மையும் உண்டு. திருந்திய பின்னும் பழைய தீங்குக்கு ஆளானோர் அதே ஊரில் நடமாடுவர். அன்றாடம் அவர்தம் முகத்தில் விழிக்க வேண்டியிருக்கும். ஆறாம் பருவத்தில், தன்னிடமிருந்து பிரிந்து தனி உருவாக நின்ற தீய அரசியை ரெஜினா அழித்தொழிக்கவில்லை. தன் அன்பில் ஒரு பங்கை அவளுக்கு ஈந்து, அவளுடைய இருளில் ஒரு பங்கைத் தான் ஏற்கிறாள். திருந்துதல் என்பது பழைய தன்னை வெட்டி எறிவதன்று, அதன் பொறுப்பைச் சுமந்து நடப்பது என்னும் உண்மையை அக்காட்சி உணர்த்துகிறது. ஆண்டுக்கணக்கில் ஒரு முகத்தோடு பழகிய பின்னரே இத்தகைய காட்சி நெஞ்சில் தைக்கும்.

தமிழ் மாணவர்க்கு இம்முறை புதிதன்று. புதுமைப்பித்தன் ‘சாப விமோசனம்’ சிறுகதையில் அகலிகைக்கு ஒரு மனத்தைத் தந்து, அம்மனம் கேட்கும் வினாவினால் கதையின் முடிவையே மாற்றினார். பழங்கதையில் பிறர் செயலால் கல்லானவள், அக்கதையில் தன் உள்ளத்தின் கொதிப்பால் கல்லாகிறாள். மறுபுனைவு செய்வோர் எம்மொழியினராயினும் அவர்தம் முதற்பணி இதுவே: வாய்பேசாது நின்ற உருவத்துக்கு ஒரு தேர்வைச் செய்யும் உரிமையை வழங்குதல்.

ஆகவே, வகுப்பில் நான் கூறிவந்த வரையறையோடு இப்போது மூன்று வினாக்களையும் சேர்த்தே சொல்கிறேன். இப்பாத்திரம் எதனால் இவ்வாறாயிற்று? மாறுவதற்காகத் தன்னுடையதாக எதை இழந்தது? மாறிய பின்னும் எதைச் சுமக்கிறது? முதல் வினாவுக்கு மட்டும் விடை தரும் கதை நம்மை இரங்க வைக்கும். மூன்றுக்கும் விடை தரும் கதை நம்மைச் சிந்திக்க வைக்கும்.

கல்லூரி வாயிலைக் கடந்து செல்லவிருக்கும் இளையோர், நாளை பலருக்குத் தீர்ப்பளிக்கும் நிலையில் இருப்பர். ஆசிரியராக, பெற்றோராக, அலுவலராக. எவருடைய கடந்தகாலத்தையும் கேளாமல் தீர்ப்பளித்தல் கொடுமை. கேட்ட மாத்திரத்திலே எல்லாவற்றையும் துடைத்துவிடுதல், தீங்குற்றவர்க்குச் செய்யும் மற்றொரு கொடுமை. காதால் கேட்டுக் கண்ணால் காத்திருக்கப் பழகுங்கள். கேட்பது அவர் பட்ட துன்பத்தை. காத்திருப்பது அவர் செய்யப்போகும் செயலுக்காக.